மனசு ஆடினால் அரம் ஆடும்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து ஜனங்கள் கஞ்சி குடித்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். நம் சபைத் தம்பி ஒருவன், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறவன், தூண் ஓரமாய் நின்றுகொண்டிருந்தான். கூட அவன் அம்மா. அந்தச் சகோதரியின் கண் சிவந்திருந்தது. ஏதோ வீட்டிலேயே நடந்து முடிந்திருக்கிறது என்று தெரிந்தது.

"பாஸ்டர், காலேஜை விட்டுடலாம்னு இருக்கேன். எனக்கு ஊழிய அழைப்பு இருக்கு" என்றான்.

உடனே அவன் தலையில் கைவைத்து, அல்லேலூயா என்று சொல்லி நான் ஜெபித்திருக்கவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நான் கேட்டது வேறு.

"தம்பி, எத்தனை அரியர்?"

தலையைக் குனிந்துகொண்டான். "நாலு பாஸ்டர்."

"இந்த அழைப்பு உனக்கு எப்போ பலமாக் கேக்குது?"

கொஞ்ச நேரம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "செமஸ்டர் கிட்ட வரும்போது" என்றான்.

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தம்பியை எனக்கு நன்றாய்த் தெரியும். ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்றவன் நான். அந்தச் சாட்சியைத்தான் இந்த மாதம் உங்களுக்கு எழுதுகிறேன். வெட்கமான சாட்சிதான். ஆனாலும் எழுதவேண்டும் என்று ஆவியானவர் என்னை நெருக்குகிறார்.

அரமும் சன்னலும்

1996-ல் நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு சேர்ந்தேன். இரண்டு வருஷப் படிப்பு. அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிச் சம்பாதித்த காசில் எனக்குக் காக்கிச் சட்டையும் பஸ் பாஸும் வந்தது. ஃபிட்டர் படித்தவர்களுக்குத் தெரியும், முதல் சில மாதம் வேறு ஒன்றும் கிடையாது, அரம் போடுவதுதான். ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, இடது காலை முன்னே வைத்து நின்று, அரத்தை முன்னே தள்ளவேண்டும். தள்ளும்போதுதான் அரம் வெட்டும், அப்போது அழுத்தவேண்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தக்கூடாது. காலையிலிருந்து சாயங்காலம்வரை இதேதான். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போகும்.

அப்படி நாள் முழுக்கத் தேய்த்துவிட்டு இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் கொண்டுபோவோம். அவர் ஒன்றும் பேசமாட்டார். ட்ரை ஸ்கொயரை எடுப்பார், நம்ம ஊர் ஆசாரிமார் மூலைமட்டம் என்பார்களே, அதுதான். அதை இரும்பின்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேராய்த் தூக்கிப் பிடிப்பார். பரப்பு சமமாய் இருந்தால் இடையில் வெளிச்சம் தெரியாது. எங்கேயாவது மேடு பள்ளம் இருந்தால், மயிரிழை அளவு இருந்தாலும், அந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகும்.

என் இரும்பில் எப்போதும் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் ஒழுகும். நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். அரம் ஆடினால் அப்படித்தான் வரும்.

அரம் ஏன் ஆடியது? என் பெஞ்சு சன்னல் பக்கம். சன்னலுக்கு வெளியே பஸ் ரோடு. கை இரும்பின்மேல் இருக்கும், மனசு அந்த ரோட்டில் ஏறிப் போய்விடும். காலையில் நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் மாலுமி. டீ இடைவேளைக்குப் பிறகு இலங்கை வானொலியில் அறிவிப்பாளர். அரத்தின் பிடியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, "நேரம் சரியாகப் பதினொரு மணி" என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சினிமா கேமராமேன். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரே நாளில் மூன்று உத்தியோகம் பார்த்த களைப்பு இருக்கும். இரும்பு மட்டும் காலையில் இருந்தபடியே மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும்.

ஒருநாள் சார் அந்தத் துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "டேய், உன் மனசு ஆடுதுடா. மனசு ஆடினா அரம் ஆடும். அரம் ஆடினா இரும்பு காட்டிக்குடுத்துரும்."

அவர் விசுவாசி அல்ல. சபைக்கு வந்தவரும் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களைவிட அந்த வார்த்தை எனக்குள் ஆழமாய் இறங்கியிருக்கிறது.

பரிசுத்தமான கனவு செய்த காரியம்

இரண்டாம் வருஷம் நான் இரட்சிக்கப்பட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இனி மாலுமிக் கனவும் வானொலிக் கனவும் ஒழிந்தது என்று நினைத்தேன். உண்மையில் கனவு ஒழியவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டது. இப்போது நான் பெரிய கன்வென்ஷன் மேடையில் நின்று பிரசங்கிக்கிறேன். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், ஆயிரக்கணக்கான ஜனங்கள் அழுகிறார்கள். இது கர்த்தருக்குரிய கனவு அல்லவா, இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துவிட்டேன்.

அன்று நானும் என் நண்பனும் டிரில்லிங் மெஷினில் வேலை செய்தோம். இரும்புப் பட்டையில் துளை போடவேண்டும். பட்டையை மெஷின் வைஸில் வைத்து இறுக்கவேண்டியது என் வேலை. பிரஷ்ஷால் சுருளைத் தட்டிவிடுவது அவன் வேலை. துளை அடிப்பக்கம் உடைந்து வெளியே வருகிற அந்த நிமிஷம்தான் ஆபத்து. பிட் இரும்பைக் கவ்விக்கொள்ளும். வைஸ் இறுக்கமாய் இல்லாவிட்டால் பட்டை விசிறி மாதிரிச் சுற்றிவிடும். இதை எங்களுக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நான் வைஸை முழுதாய் இறுக்கவில்லை. அந்த நேரம் நான் மேடையில் ஜனங்களை எழும்பி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டை சுற்றியது. என் நண்பனின் வலது கைப் பெருவிரல் அடியில் வெட்டியது. ஒன்பது தையல். நரம்பும் பட்டுவிட்டது என்றார்கள். அந்த வருஷம் பிராக்டிகல் பரீட்சைக்கு அவன் வரமுடியவில்லை. அவன் மாமா துபாயில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். சர்டிபிகேட் இல்லாததால் அந்த வாய்ப்பும் போயிற்று.

இன்னும் சொல்லவேண்டியது இருக்கிறது. சார் வந்து, "எப்படிடா ஆச்சு?" என்று கேட்டபோது நான், "பழைய வைஸ் சார், பிடிக்கல, வழுக்கிருச்சு" என்றேன். அந்த வைஸைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். ஒரு குற்றமும் செய்யாத வைஸ் என் பொய்ச்சாட்சியால் தண்டனை அடைந்தது. நான் பரீட்சை எழுதி, பாஸாகி, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரியமானவர்களே, உலகக் கனவு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். என் நண்பனின் விரலை வெட்டியது சினிமாக் கனவு அல்ல, ஊழியக் கனவு.

கிரேக்க நோட்டில் லேத் படம்

பிற்பாடு ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராய் வேலை பார்த்தேன். 2006-ல் அந்த வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா சேர்ந்தேன். பத்து வருஷமாய்க் கண்ட கனவு கைக்கு வந்தாயிற்று. இனி என்ன குறை?

முதல் மாதம் நன்றாய்ப் போயிற்று. அப்புறம் கிரேக்க இலக்கணம் ஆரம்பித்தது. வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் பண்ணவேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து எனக்கு ஒரு புதிய கனவு வர ஆரம்பித்தது. என்ன கனவு தெரியுமா? சொந்தமாய் ஒரு லேத் பட்டறை! ரோட்டோரமாய் ஒரு ஷெட், ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், இரண்டு பையன்கள் வேலைக்கு. ஐ.டி.ஐ.யில் இருந்தபோது எந்த இரும்பைப் பார்த்து ஓடினேனோ, அதே இரும்பு இப்போது கானான் தேசமாய்த் தெரிந்தது.

ஒருநாள் எங்கள் வயதான ஆசிரியர் என் கிரேக்க நோட்டைத் திருத்த வாங்கினார். வினைச்சொல் இருக்கவேண்டிய பக்கத்தில் லேத் படம் வரைந்திருந்தது. நான் பயந்துபோனேன். அவர் திட்டவில்லை. படத்தைப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்க" என்றார். பிறகு மெதுவாய்ச் சொன்னார்: "தம்பி, அங்க இருந்தப்போ இங்க வரணும்னு இருந்த. இங்க வந்தப்புறம் அங்க போகணும்னு இருக்க. நீ எப்போதான் இருக்கிற இடத்துல இருப்ப?"

அன்று இரவு நான் தூங்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு காரியம் வெளிச்சமாயிற்று. நான் இத்தனை வருஷமாய் வேறொரு வேலையை நேசிக்கவில்லை, இருக்கிற வேலையின் கஷ்டமான பாகத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். அரம் போடும் நேரத்தில் மைக், கிரேக்கம் படிக்கும் நேரத்தில் லேத். நாளைக்கு லேத் வாங்கிப் போட்டால் கடன் கட்டும் நேரத்தில் வேறு ஒன்று வந்திருக்கும்.

கனவில் வருகிற உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு, கவனித்தீர்களா? அதில் கை காய்ப்பதில்லை. அரியர் கிடையாது. மேலதிகாரி கிடையாது. மாலுமிக் கனவில் நான் ஒருநாளும் கப்பல் தளத்தைக் கழுவவில்லை. பிரசங்கக் கனவில் ஒருநாளும் வெறும் ஏழு பேர் வந்த கூட்டத்தில் பேசவில்லை. இன்றைக்கு நிஜமாய் ஊழியம் செய்கிறேன், ஏழு பேர் வந்த கூட்டங்கள் எத்தனையோ உண்டு!

2010-ஆம் வருஷம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2,250 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். பகலில் எதிர்பாராத நேரத்தில் கைப்பேசி மூலம் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனது அதில் இருக்கிறதா, வேறெங்கேயாவது இருக்கிறதா, சந்தோஷமாய் இருக்கிறீர்களா? கேட்ட நேரங்களில் 100-க்கு ஏறக்குறைய 47 தடவை மனது வேறெங்கோ இருந்தது. இன்பமான காரியத்தைக் கனவு கண்டவர்கள்கூட, செய்கிற வேலையிலேயே மனதை வைத்திருந்தவர்களைவிட அதிக சந்தோஷமாய் இல்லை என்று கண்டார்கள். நீதிமொழிகள் 17-ஆம் அதிகாரம் 24-ஆம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மதியீனனுடைய கண் எங்கே அலைகிறது என்று ஞானி அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வாரமே நான் லீவு கேட்டு, பஸ் ஏறி, என் நண்பனைத் தேடிப் போனேன். அவன் பக்கத்து ஊரில் கிரில் பட்டறை வைத்திருந்தான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் முன்னால் நின்று, "வைஸ் வழுக்கலடா, நான்தான் இறுக்கல. சார்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும்லடே. உன் கண்ணு சன்னல் பக்கம் இருந்துச்சு" என்றான். பிறகு டீ வாங்கிக் கொடுத்தான். டம்ளரை இடது கையால் பிடித்திருந்தான். வலது கைப் பெருவிரல் முழுதாய் மடங்குவதில்லை.

அவன் என்னை மன்னித்தான். கர்த்தரும் என்னை மன்னித்தார். ஆனால் அந்த விரல் இன்றைக்கும் மடங்குவதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நாம் சாட்சி சொல்லும்போது மன்னிப்போடு கதையை முடித்துவிடுகிறோம். விரலைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

அப்படியானால் கனவே பாவமா?

இல்லை, தேவபிள்ளையே. யோசேப்புக்குச் சொப்பனம் கொடுத்தவர் கர்த்தர்தான். ஒரு படிப்பில் இருந்துகொண்டு வேறொரு வேலைக்காக ஏங்குகிறவர்கள் எல்லாரும் ஓடிப்போகிறவர்கள் அல்ல. இரண்டு பேரைப் பாருங்கள்.

வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலுக்குப் பழக விடப்பட்டவர். பிறகு செருப்புத் தைத்துக்கொண்டே பிரசங்கித்தார், பள்ளிக்கூடமும் நடத்தினார். அவருடைய மனது தூர தேசங்களில் இருந்தது. கேப்டன் குக்கின் கடற்பயணங்களைப் படித்து அவருக்குள் அந்த ஏக்கம் வந்தது. ஆனால் அவர் சும்மா சன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. காகிதங்களை ஒட்டிப் பெரிய உலகப் படம் ஒன்று செய்து, வேலை செய்யும் இடத்தில் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு தேசத்திலும் எத்தனை ஜனங்கள், என்ன மார்க்கம் என்று புத்தகங்களில் படித்ததையெல்லாம் அதில் எழுதினார். லத்தீன், கிரேக்கம், எபிரெயம் என்று ஒவ்வொரு பாஷையாய்ப் படித்தார். 1793-ல் அவர் வங்காளத்தில் வந்து இறங்கினார். 1801-ல் செராம்பூரில் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. பகற்கனவு காண்கிறவன் மேகத்தைப் பார்க்கிறான். தரிசனம் உள்ளவன் சுவரில் படத்தை மாட்டிக் கணக்கு எழுதுகிறான்.

இன்னொருவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லன் மகன். 1805-ல், பதினாலாம் வயதில், லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு வருஷம் தொழில் பழக விடப்பட்டார். அவருடைய மனது விஞ்ஞானத்தில் இருந்தது. ஆனாலும் பசையையும் ஊசி நூலையும் வீசிவிட்டு ஓடவில்லை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையையும், ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகத்தையும் படித்து, கையில் கிடைத்த காசில் சின்னச் சின்னச் சோதனைகள் செய்தார்.

1812-ல் கடைக்கு வந்த ஒருவர் அவருக்கு டிக்கெட் கொடுத்தார், ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் நாலு சொற்பொழிவுகளைக் கேட்க. ஃபாரடே கேட்டதையெல்லாம் எழுதினார், படங்கள் வரைந்தார், அதைத் தன் கையாலேயே அழகாய் பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். கவனியுங்கள்! எந்தத் தொழிலிலிருந்து அவர் வெளியே போக ஏங்கினாரோ, அந்தத் தொழில்தான் அவருக்கு வாசலைத் தட்டிக் கொடுத்தது. டேவி முதலில், பைண்டிங் தொழிலிலேயே இருந்துகொள் என்றுதான் புத்தி சொன்னார். 1813-ல் இடம் காலியானபோது கூப்பிட்டு வேலை கொடுத்தார். 1831-ல் ஃபாரடே காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு நம் ஆராதனைக் கூடத்து ஃபேன் சுற்றுகிற கரண்டைத் தருகிற ஜெனரேட்டர்கள் அந்த வழியில்தான் ஓடுகின்றன. அவர் ஒரு சிறிய சபையின் விசுவாசி. பிற்காலத்தில் அந்தச் சபையில் மூப்பராய் இருந்து பிரசங்கமும் செய்தார்.

அபிஷேகத்துக்குப் பிறகும் ஆடுகள்

இப்போது வேதத்துக்கு வாருங்கள். 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரம். சாமுவேல் வந்தபோது தாவீது எங்கே இருந்தான்? ஆட்டு மந்தையில். அபிஷேகம் பண்ணப்பட்டான், ஆவியானவர் அவன்மேல் இறங்கினார். அடுத்த நாள் அவன் எங்கே போனான்? அரமனைக்கா? திரும்பவும் ஆடுகளிடத்துக்குத்தான். சவுல் அவனைக் கூப்பிட்டு அனுப்பும்போது அவன் ஆட்டு மந்தையில்தான் இருக்கிறான். சவுலிடத்தில் வேலைக்குப் போன பிறகும் அப்பாவின் ஆடுகளை மேய்க்கத் திரும்பி வருகிறான் என்று 17-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தில் பார்க்கிறோம். ராஜாவாகப்போகிறவன் அவன். அவனுக்குக் கனவு காண எவ்வளவு நேரம் இருந்திருக்கும்! மலைச்சரிவில் படுத்துக்கொண்டு கிரீடத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் சிங்கம் வந்தபோது அவன் பார்த்திருக்கமாட்டான்.

இன்னொரு சின்ன வசனம். அநேகர் தாண்டிப் போய்விடுகிற வசனம். 17-ஆம் அதிகாரம் 20. அப்பா அவனைப் போர்க்களத்துக்கு அனுப்புகிறார். அவன் அதிகாலையில் எழுந்து, ஆடுகளைக் காவலாளி ஒருவன் கையில் ஒப்புவித்துவிட்டுப் போகிறான். அங்கே போனதும் 22-ஆம் வசனத்தில், கொண்டுவந்த சாமான்களையும் அவற்றைக் காக்கிறவன் கையில் ஒப்புவித்துவிட்டுத்தான் ஓடுகிறான். கோலியாத்தைக் கொல்லப்போகிற அன்றைக்குக்கூட அப்பாவின் ஆடும் அண்ணன்மாரின் அப்பமும் அவனுக்கு நினைவில் இருக்கிறது. அண்ணன் எலியாப் என்ன கேட்டான்? அந்தக் கொஞ்ச ஆடுகளை யாரிடத்தில் விட்டு வந்தாய் என்று கேட்டான். தாவீதுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது.

வாலிபத் தம்பி, தங்கச்சி, அதே கேள்வியை உன்னிடத்தில் கேட்டால் உனக்குப் பதில் இருக்கிறதா? நீ வேறொரு களத்துக்குப் போகிறாய், சரி. இப்போது உன் கையில் இருக்கிற கொஞ்ச ஆடுகளை என்ன செய்தாய்?

கனவை வெளிச்சத்துக்கு நேராய்ப் பிடியுங்கள்

சார் இரும்பை வெளிச்சத்துக்கு நேராய்த் தூக்கிப் பிடித்தாரே, அதுபோல உங்கள் கனவையும் பிடித்துப் பார்க்க மூன்று கேள்விகள் சொல்கிறேன்.

ஒன்று: அது எப்போது வருகிறது? பரீட்சை வரும்போதும், மேலதிகாரி திட்டும்போதும், வேலை சலிக்கும்போதும் மட்டும் வந்து, லீவு நாளில் காணாமல் போனால், அது உன் சலிப்பின் சத்தம். வேலை நன்றாய் நடக்கிற நாளிலும், பாராட்டுக் கிடைத்த நாளிலும், உன்னைத் தட்டி எழுப்புகிறதா? அப்போது நின்று கவனி.

இரண்டு: அது உன் கைக்கு வேலை கொடுக்கிறதா? கேரி படம் ஒட்டினார், ஃபாரடே நோட்டு எழுதினார். உன் கனவுக்காக நீ இந்த வாரம் என்ன செய்தாய்? ஊழியம் என்கிறாயே, ஞாயிறு பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டால் வருகிறாயா? தையல் தொழில் என்கிறாயே, ஒரு பாவாடையாவது வெட்டித் தைத்திருக்கிறாயா? ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்த்துக்கொண்டு அடுத்தவனுடைய வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாய் நினைத்துக்கொள்வது கனவுகூட அல்ல, அது வெறும் தூக்கக்கேடு.

மூன்று: பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன ஆகிறது? இந்தக் கேள்வியை நான் இரத்தம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீ நர்சிங் படிக்கிறாயா? உன் மனது எங்கேயோ இருக்கும்போது உன் கையில் இருக்கிற மருந்து ஒரு நோயாளிக்குப் போகிறது. நீ டிரைவிங் பழகுகிறாயா? ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாயா? உன் முன்னால் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வேலை எனக்கு நிரந்தரம் இல்லை என்று நீ சொல்லலாம். அந்த நோயாளிக்கும் அந்தப் பிள்ளைக்கும் இன்றைக்கு நீதான் இருக்கிறாய்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தகப்பன்மாரே, தாய்மாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அநேக வீடுகளில் பிள்ளை சன்னலைப் பார்க்கக் காரணம் நாம்தான். அத்தை மகன் படித்த படிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன படிப்பு, நாம் படிக்க ஆசைப்பட்டு முடியாமல்போன படிப்பு, இவற்றைப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம். பிள்ளை வாயைத் திறந்தால், "கர்த்தருடைய சித்தம்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். நம்முடைய ஆசைக்குக் கர்த்தருடைய கையெழுத்தைப் போடுகிறது பயங்கரமான காரியம்.

நம் சபையில் ஒரு மகள் நர்சிங் சேர்ந்தாள். அம்மாவின் தீர்மானம். அவளுடைய இருதயமோ பாடம் சொல்லிக்கொடுப்பதில் இருந்தது. இரண்டு வருஷம் என்னிடத்தில் ஜெபத்துக்கு வருவாள். நான் அவளிடத்தில் மூன்று கேள்வியையும் கேட்டேன். வார்டு வேலையில் ஒரு குறையும் இல்லை, மார்க்கும் நன்றாய் இருந்தது, ஞாயிறு பள்ளியை ஒரு வாரமும் விட்டதில்லை. ஏக்கமும் குறையவில்லை. அப்போது நான் அவளுக்கு அல்ல, அம்மாவுக்குத்தான் புத்தி சொன்னேன், "இந்தப் பிள்ளை ஓடலம்மா. கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க" என்று. படிப்பை முடித்து, ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்து, இன்றைக்கு அவள் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராய்ப் பாடம் எடுக்கிறாள். எல்லாருக்கும் இப்படி இரண்டும் ஒன்றாய்ச் சேரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். சிலர் உண்மையாகவே படிப்பை மாற்றத்தான் வேண்டும். மாற்றுகிறவர்கள் தாவீதைப்போல ஆடுகளை ஒப்புவித்துவிட்டுப் போகட்டும், அவ்வளவுதான்.

முடிவாக

டிப்ளமா முடித்ததும் நான் மில்லுக்கே திரும்பினேன். இன்றைக்கும் பகலில் நான் ஃபிட்டர்தான். ஷிப்ட் முடிந்து, கையில் கிரீஸ் வாசனையோடுதான் பல வீடுகளுக்கு ஜெபிக்கப் போகிறேன். பேரிங் மாற்றும்போது பிரசங்கக் குறிப்பு மனதில் ஓட ஆரம்பிக்கும். அப்போதெல்லாம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று, என் நண்பனின் பெருவிரலை நினைத்துக்கொள்வேன். மறுபடியும் ஸ்பேனரை எடுப்பேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதவில்லை. தினமும் இறுக்கவேண்டிய வைஸ் அது.

அந்த இன்ஜினியரிங் தம்பியிடம் நான், அழைப்பு இல்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்? "நாலு அரியரையும் எழுது. எழுதி முடித்த மறுநாளும் இந்தச் சத்தம் கேட்டா என்கிட்ட வா, நானே உன்னை வேதாகமக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். இப்போது தினமும் சாயங்காலம் சபைக் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். நான் அவனுக்குக் கொடுத்த இடம் நடுத்தூண் பக்கம். சன்னல் ஓரம் கொடுக்கவில்லை!

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, நீர் வைத்த இடத்தில் எங்கள் சரீரம் இருக்க, எங்கள் மனது ஊர் சுற்றினதை மன்னியும். எங்கள் கவலையீனத்தால் காயப்பட்டவர்களை நினைத்தருளும். அவர்களிடத்தில் போய் உண்மையைச் சொல்ல எங்களுக்குத் தைரியம் தாரும். நீர் கொடுத்த தரிசனமானால் அது எங்கள் கைக்கு வேலையாய் வரட்டும். நாங்களாய்க் கட்டிக்கொண்டதானால் உம்முடைய வெளிச்சத்தில் அதைக் காட்டிக்கொடும். படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இன்றைய பாடத்தில் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.